முப்பது எண்ணும் வரை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் முதலில் கவனித்தது விளக்கின் நிறத்தை. பச்சையாக இருக்க வேண்டியது ஆரஞ்சாக இருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வெட்டும் அறையிலிருந்து மாஸ்டர் "மெஷின் எந்திரிக்க மாட்டேங்குது" என்று சத்தம் போட்டார். எல்லோரும் திரையைப் பார்க்க ஓடிவிட்டார்கள்.

நீ நலமா? தீவில் காற்று அதிகமா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அப்பாவுக்கு இருமல். நான் நன்றாக இருக்கிறேன்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலையில் போன மின்சாரம் பதினோரு மணிக்குத்தான் வந்தது. ஆபீஸ் அறையில் இருக்கிற பெரிய கணினி எழுந்துகொண்டது. மாதிரிப் படங்களை அச்செடுக்கிற கணினியும் எழுந்தது. துணி வெட்டும் மேசையை ஓட்டுகிற பழையது, உன் கிழவி, அது மட்டும் எழவில்லை. உள்ளே விசிறி சுற்றுகிறது. திரையில் எழுத்து வருகிறது. பிறகு ஒரு வரியில் புள்ளி புள்ளியாகப் போகிறது. கடைசியில் பதில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தானே அணைந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நிறுத்தாவிட்டால் நாள் முழுக்க இதையே செய்கிறது.

மாஸ்டர் இப்போது கத்தரியால் வெட்டுகிறார். மேசை ஒரு நாளில் வெட்டுவதை வெட்ட அவருக்கு ஒரு வாரம் ஆகிறது. சீருடை வேலை ஏப்ரல் நடுவில் ஆரம்பம். அதற்குள் ஓடாவிட்டால் மேசையை விற்றுவிடுவேன் என்கிறார் அப்பா. மேசை போனால் அதில் துணி விரிக்க நான் எதற்கு? என்னை அத்தை கடைக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "வாங்க, என்ன பாக்கறீங்க" என்று சொல்ல வேண்டுமாம், காலையிலிருந்து கடை சாத்தும் வரை. என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

உனக்கு எழுதட்டுமா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "எழுதறதுன்னா எழுது. நான் கேக்கச் சொன்னேன்னு எழுதாதே."

அதனால் அதை எழுதவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு படகுதான் என்றாயே, இன்றே தபாலில் சேர்க்கிறேன். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

பூனை


ஜனவரி 29

அன்புள்ள பூனைக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவை மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல். சொன்னால் கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

இங்கே மணிக்கு ஒருமுறை போய்க் காற்றின் வேகத்தையும் மழையின் அளவையும் பார்த்து எழுத வேண்டும். கூட இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பேசவே மாட்டார், இன்னொருவர் நிறுத்தவே மாட்டார். இருக்கிற ஒரே ரேடியோவில் வானிலையைத் தவிர வேறு பேச அனுமதி இல்லை. ஆகவே கடிதம்தான்.

கிழவி விஷயத்துக்கு வருகிறேன். அது வட்டு இல்லாத கணினி. ஞாபகம் வைத்துக்கொள்ள அதற்குள் இடமே கிடையாது. அணைத்தால் தன் பெயர்கூட மறந்துவிடும். ஒவ்வொரு முறை எழும்போதும் வயரில் ஒரு குரல் கொடுக்கும்: "வயர் மாட்டுகிற என் கார்டில் இந்த எண் இருக்கிறது, நான் யார்?" பெரிய கணினி அதைக் கேட்டு, ஒரு பட்டியலில் தேடி, "உன் பெயர் இது, உனக்கான கோப்பு இங்கே இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். நான்கு முறை கேட்டும் பதில் வராவிட்டால் கிழவி அணைந்து மறுபடி ஆரம்பிக்கும். நீ பார்ப்பது அதைத்தான்.

அதனால் முதல் வேலை: திரையில் வருகிற பன்னிரண்டு எழுத்து எண்ணைத் தாளில் எழுது. பெரிய கணினியில் இருக்கிற பட்டியலோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடு. எட்டையும் பி எழுத்தையும் குழப்பிக்கொள்ளாதே. இரண்டாவது: அச்செடுக்கிற கணினியைத் தூக்கி வந்து கிழவியின் வயரில் மாட்டிப் பார். ஓடினால் வயர் நல்ல வயர்.

ஆரஞ்சு விளக்கு திரையுடையதாக இருக்கும். தூங்கும்போது அப்படித்தான் எரியும். அதை விடு.

ஒன்று மட்டும் யோசித்துச் சொல். யாராவது எதையாவது மாற்றினார்களா? ஓடிக்கொண்டிருந்தது நின்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அப்பாவின் இருமலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கணினி பற்றிய இடத்தையும் விடாமல் படிக்கச் சொன்னாள். முழங்காலுக்கு இப்போது கொஞ்சம் தேவலை. அப்பா டாக்டரிடம் போனார். புகைதான் காரணம் என்றாராம். டாக்டரை மாற்ற வேண்டும் என்கிறார் அப்பா.

எண்ணை மூன்று முறை ஒப்பிட்டேன். சரியாக இருக்கிறது. அச்செடுக்கிற கணினியை நானும் மாஸ்டரும் தூக்கி வந்து கிழவியின் வயரில் மாட்டினோம். நன்றாக ஓடியது. மாஸ்டர் கிழவியைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் காது கேக்குது, உனக்கு மட்டும் என்ன?" என்றார்.

மின்சாரம் போன அன்று யாரும் எதையும் மாற்றவில்லை.

அத்தை வந்திருந்தாள். என்னைக் கடைக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டாள். "ஏண்டி, வாயில என்ன வச்சிருக்கே, முத்தா?" என்றாள். எனக்கு நல்ல பதில் ஒன்று தோன்றியது. அத்தை செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகு தோன்றியது.

உன் அறையில் துணிக்கட்டுகளை வைக்கலாம் என்று மாஸ்டர் சொன்னார். அப்பா, "அங்க ஈரம் அடிக்கும்" என்றார். அங்கே ஈரம் அடித்து நான் பார்த்ததில்லை.

நேரத்துக்குத் தூங்கு.

பூனை


பிப்ரவரி 13
(எழுதியது. அனுப்பாதது.)

அக்கா,

நேற்றுக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். அதில் இருக்கிற எல்லாமே உண்மை. மின்சாரம் போன அன்று யாரும் எதையும் மாற்றவில்லை. மாற்றியது அதற்கு மூன்று வாரம் முன்னால்.

புறப்படுமுன் சண்டை போட்ட அன்று நீ அப்பாவிடம் சொன்னாய் அல்லவா, "நான் போயிட்டா இதுல ஒரு வயரைக்கூட உங்களால மாத்த முடியாது" என்று? நீ போன பத்தாம் நாள் அப்பா ஒரு பெட்டியோடு வந்தார். எங்கோ மூடிவிட்ட ஆபீசில் வாங்கியது. வயர்கள் வந்து சேருகிற உன் நீல டப்பாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்தார். யாரையும் தொடவிடவில்லை. உன் டப்பாவில் ஐந்து ஓட்டை. இதில் இருபத்துநான்கு. "மூணு பேர் இருக்கற வீட்டுக்கு இருபத்துநாலு வாசலா?" என்றார் மாஸ்டர். அப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். கிழவியை இரவிலும் அணைக்கிற வழக்கம் இல்லையே, மாற்றும்போதும் அணைக்கவில்லை. மேசை வெட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் பெட்டிமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நான் உனக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். "பெட்டி மாத்தினதை மட்டும் எழுதாதே. அது மூணு வாரம் ஓடிச்சு. அவ அதைத்தான் பிடிச்சுக்குவா" என்றார். நான் தலையாட்டினேன். ஆரஞ்சு விளக்கு அந்தப் பெட்டியில்தான் எரிந்தது.

தலையாட்டினால் வாக்குக் கொடுத்த மாதிரிதானே?

பூனை


பிப்ரவரி 27

அன்புள்ள பூனைக்கு,

நான் நலம். ஒரு வாரம் தொண்டைக் கட்டு, இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் எல்லோரும் நன்றாக இருப்பது தெரிந்து நிம்மதி. அத்தைக்குச் சொல்லத் தோன்றிய பதிலை எனக்காவது எழுது.

எண் சரி, வயர் சரி என்றால் இனி ஒரே கேள்விதான்: கிழவியின் குரல் பெரிய கணினிக்குப் போய்ச் சேருகிறதா? பெரிய கணினி, தன்னை யார் கூப்பிட்டாலும் ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி வைக்கும். கிழவியை நிறுத்தி ஓட்டிவிட்டு, அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பார். அதன் எண் இருந்தால் கேட்டிருக்கிறது, பதில்தான் வழியில் தொலைகிறது. இல்லாவிட்டால் குரலே வெளியே வரவில்லை.

நீல டப்பாவின் விளக்குகள் எரிகின்றனவா என்றும் பார். கிழவிக்குப் புது வயர் ஒன்றும் போட்டுப் பார்த்துவிடு. ஒரு கணினியோடு ஓடுகிற வயர் இன்னொன்றோடு மக்கர் பண்ணுவதும் உண்டு.

என் அறையில் ஈரம் அடிக்கிறதா? ஜன்னலைத் திறந்துவைத்தால் போதுமே.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? மருந்து சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கிறாள். அவளே ஒரு கம்பளித் துண்டு பின்னுகிறாள். முடிந்தால் அடுத்த படகில் வரும். பாதி பின்னியதைப் பிரித்து மறுபடி பின்னுகிறாள், ஆகவே காத்திருக்காதே.

பெரிய கணினியின் கோப்பில் கிழவியின் எண் இல்லை. ஜனவரியில் மின்சாரம் போன நாளிலிருந்து ஒரு வரிகூட இல்லை. ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன். அது கேட்பது இங்கே கேட்கவே இல்லை.

புது வயர் போட்டேன். அப்படியேதான்.

டப்பாவில் விளக்கு எரிகிறதா என்று கேட்டிருந்தாய். விளக்கு எரிகிறது.

மேசையை வாங்க ஒருவர் வந்து அளந்துகொண்டு போனார். நீளம், அகலம் மட்டும் அளந்தார். உயரம் அளக்கவில்லை. கால்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவார்களாம். அவர் போன பிறகு அப்பா மேசையின் ஓரத் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டார். ஓடாத மேசைக்கு எண்ணெய் எதற்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது மாஸ்டர், "எல்லாத்தையும் அக்காவுக்கு எழுதிட்டியா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அத்தைக்கான பதில் இப்போது மறந்துவிட்டது.

பூனை


மார்ச் 26

பூனைக்கு,

படகு புறப்படப் போகிறது, சுருக்கமாக எழுதுகிறேன். நான் நலம்.

நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்திருக்கிறாய். எண் சரி, வயர் சரி, டப்பா சரி, பெரிய கணினி சரி. அப்படியானால் மிச்சம் கிழவிதான். அதன் கார்டு செத்துவிட்டது. அந்தக் கார்டு இனி எங்கும் கிடைக்காது. மேசையை விற்றுவிடச் சொல். அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், பதினேழு வருடம் உழைத்துவிட்டது.

இங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். மே மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். கிழவி ஓடினால் வேறு மாதிரி யோசித்திருப்பேனோ என்னவோ. இனி யோசிக்க ஒன்றும் இல்லை.

பஸ் நிலையத்தில், "நான் போறது சரியா தப்பா, நீயாவது சொல்லு" என்று உன்னைக் கேட்டேன். அப்படி உன்னைக் கேட்டிருக்கக் கூடாது. நீ ஒன்றும் சொல்லாததை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் கம்பளித் துண்டை நிதானமாகப் பின்னச் சொல்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் இன்னொரு கடிதமும் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் எழுதி அனுப்பாதது. முதலில் அதைப் படி. படித்துவிட்டுத் திட்டு. பிறகு இதைப் படி.

படித்தாயா? இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

கார்டு செத்துவிட்டது என்று நீ எழுதியதை என்னால் அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. அதைச் சொன்னால் மேசை போய்விடும். சொல்லாமல் இருந்தாலும் போய்விடும், வாங்குகிறவர் ஏப்ரல் எட்டாம் தேதி வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு ஒன்று மட்டும் தெரியும், உனக்குத் தெரியாதது. நீ டப்பா சரி என்று எழுதியது நீல டப்பாவை நினைத்து. இங்கே அது இல்லை. நான் மறைத்ததை வைத்துத்தான் நீ கிழவி செத்தது என்று முடிவு கட்டினாய்.

அதனால் அந்த ஆரஞ்சு விளக்கைப் பார்க்க உட்கார்ந்தேன். பெட்டி ஆபீஸ் அறையில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கிழவி வெட்டும் அறையில் இருக்கிறது. ஒன்றைப் பார்த்தால் மற்றது தெரியாது. ஒரு ஆள் அங்கே நின்று "இப்ப புள்ளி வருது" என்று சத்தம் போட்டால் சுலபம். ஆனால் யாரைக் கூப்பிட்டு, எதற்கு என்று சொல்வது? தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கிற ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறதே, சக்கரம் வைத்தது, அதைத் தள்ளி வந்து கதவருகில் சாய்த்து வைத்தேன். இப்போது கிழவிக்கு முன்னால் உட்கார்ந்தால் கண்ணாடிக்குள் பெட்டி தெரிந்தது.

கிழவி குரல் கொடுக்கிற அதே நொடியில் பெட்டியில் அதன் வயர் மாட்டிய ஓட்டையின் விளக்கு ஆரஞ்சாக எரிய ஆரம்பித்தது. எண்ணினேன். இருபது எண்ணும்போது கிழவி நான்கு முறையும் கேட்டு முடித்துவிட்டது. அணைந்து முதலிலிருந்து தொடங்கியது. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. முப்பதில் விளக்கு பச்சையானது. பச்சையானபோது கிழவி கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மறுபடி அது கேட்கப் போகும்போது அதன் கார்டு ஒரு கணம் அணைந்து எழுந்தது, பச்சை போய்விட்டது, திரும்பவும் ஆரஞ்சு. பதினோரு முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் இருபது, முப்பது.

அச்செடுக்கிற கணினியை மாட்டி எண்ணினேன். அதற்கும் முப்பதுதான். ஆனால் அது சோம்பேறி. எழுந்து, படம் காட்டி, மெதுவாகக் கேட்க ஆரம்பிக்கும்போது பச்சையாகிவிடுகிறது. அதனால்தான் அது ஓடியது.

பெட்டி கெட்டது இல்லை. கிழவியும் சாகவில்லை. அது திறப்பதற்குள் இது கேட்டு முடித்துவிடுகிறது.

நீல டப்பாவில் உடனே பச்சைதான் எரியும், எனக்கு ஞாபகம் இருக்கிறது. டப்பாவைப் பெட்டிக்கும் கிழவிக்கும் நடுவில் வைத்தால் என்ன என்று தோன்றியது. பெட்டிக்கு டப்பாவைத்தான் தெரியும். டப்பா அணையவே அணையாது. ஒரு முறை முப்பது எண்ணித் திறந்தால் பிறகு திறந்தே இருக்கும். கிழவி எத்தனை முறை அணைந்து எழுந்தாலும் பெட்டிக்குத் தெரியாது.

டப்பா எங்கே என்று தேட வேண்டியதில்லை. மாஸ்டர் அதைத்தான் மாதிரித் தாள்கள் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் வைத்திருக்கிறார், மூன்று மாதமாக.

எடுக்கப் போனபோது அப்பா வந்தார். "கண்ணாடி ஏன் கதவுக்கிட்ட நிக்குது? யாருக்கு அலங்காரம்?" என்றார்.

"டப்பா வேணும்பா."

"எதுக்கு?"

"நடுவுல வைக்க."

"அப்ப நான் வாங்கினது கெட்டதுங்கறே."

வழக்கமாக இந்த இடத்தில் நான் உள்ளே போய்விடுவேன். டப்பா கையில் இருந்ததால் போகவில்லை. "கெட்டது இல்லப்பா. அதுக்குத் திறக்க நேரம் ஆகுது. முப்பது எண்ணணும். கிழவி இருபதுலயே விட்டுடுது. இதை நடுவுல வச்சா ரெண்டுமே இருக்கலாம்" என்றேன்.

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா பாக்கறேன், மொத்தமா பேசினது இவ்வளவுதான் இருக்கும். தேதியை யாராவது குறிச்சு வைங்க" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியை எடுத்து வந்து அலமாரிக்குக் கீழே போட்டார். "ஏறு" என்றார். பிடித்துக்கொண்டார்.

டப்பாவைப் பெட்டியோடு இணைத்து, கிழவியின் வயரை டப்பாவில் மாட்டினேன். முப்பது எண்ணினேன். பிறகு கிழவியின் பொத்தானை அழுத்தினேன். புள்ளி வந்தது. இரண்டாவது புள்ளி வரவில்லை. அதற்குப் பதிலாக அதன் எண் வந்தது, அதன் பெயர் வந்தது, கோப்பு இறங்க ஆரம்பித்தது. மேசையின் கத்தி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்த் திரும்பித் தன் இடத்தில் வந்து நின்றது. அது தினமும் காலையில் செய்வதுதான். மாஸ்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பஞ்சுத் தூசி என்றார்.

பெட்டி விஷயத்தை உனக்கு எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் இருமினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேற்று வந்த ஆளிடம், "மேசை குடுக்கறதா இல்லை" என்றார்.

பஸ் நிலையத்தில் நீ கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் தெரியும், வாய்க்கு வர நேரம் ஆகும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், எழுந்து நிற்பேன், வாய்க்கு வருவதற்குள் "அடுத்தவ சொல்லு" என்றுவிடுவார்கள். உன் பஸ் வாசலைத் தாண்டித் திரும்பும்போது வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே சொன்னேன். "போ. ஆனா திரும்பி வா" என்றேன். பக்கத்தில் பழம் விற்றவர், "என்கிட்டயா சொல்றே?" என்று கேட்டார்.

அம்மா கம்பளித் துண்டை முடித்துவிட்டாள். இத்துடன் வருகிறது. ஒரு ஓரம் கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே.

பூனை


ஏப்ரல் 25

அன்புள்ள பூனைக்கு,

துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோணல் ஓரம் உள்பக்கம் போய்விட்டது. அம்மாவிடம் சொல், தொண்டை நன்றாக இருக்கிறது.

நீ சொன்னபடி திட்டினேன். பேசாதவரின் முன்னாலேயே சத்தமாகத் திட்டினேன். அவர், "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். இங்கே வந்து நான் கேட்ட அவருடைய முதல் கேள்வி அது. மூன்று மாதம் இல்லாத ஒரு டப்பாவை நினைத்து உனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆரஞ்சு விளக்கை நீ முதல் வரியிலேயே எழுதினாய். திரையின் விளக்கு, அதை விடு என்றேன். உன்னை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை.

அந்தப் பெரிய பெட்டி ஏன் காத்திருக்கிறது என்று உனக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். ஒரு வயர் சுற்றி வளைந்து அதனிடமே திரும்பி வந்தால், ஒரே பேச்சு முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படி நடக்குமா என்று முதலில் கவனித்துவிட்டுத்தான் வாசலைத் திறக்கும். அதன் குணம் அது. அப்பா வாங்கியது நல்ல பெட்டிதான். இதை அவரிடம் நீ சொல்லலாம். நான் சொன்னதாகவே சொல்.

நான் இருந்திருந்தால் பெட்டியைத்தான் கழற்றி வீசியிருப்பேன். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

கையெழுத்து இன்னும் போடவில்லை. கடைசி நாள் மே முப்பத்தொன்று. பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டு உன்னைக் கேட்டது தப்பு. இப்போது சரியாகக் கேட்கிறேன். நான் வரட்டுமா? உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. நீ யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடமும் கேட்டுச் சொல். படகு மெதுவாகத்தான் வரும், நீங்களும் மெதுவாகச் சொல்லலாம்.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மா நேற்று மாடி ஏறினாள். உன் அறை ஜன்னலைத் திறக்கப் போனாளாம். திட்டினேன். நீயும் திட்டி எழுது. அத்தை தன் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டாள், நிறையப் பேசுகிறவளாம். சீருடை வேலையில் பாதி முடிந்துவிட்டது. கிழவி ஒரு நாளும் படுக்கவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு நாள் கையில் வைத்திருந்தேன். நேற்று மதியம் மாஸ்டர் சாப்பிடப் போனபோது அப்பா தனியாக மேசையின் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க வாங்கின பெட்டி நல்ல பெட்டின்னு அக்கா எழுதியிருக்கா" என்றேன்.

"அவ சொல்லித்தான் தெரியணுமா?" என்றார். ஆனால் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்துக்கொண்டார்.

"வரட்டுமான்னு கேக்கறாப்பா."

அவர் துணியை எண்ணெயில் தொட்டு, தண்டவாளத்தின் முனையிலிருந்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனார். எனக்கு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. எண்ணிக்கொண்டு நின்றேன். இருபதில் அவர் மேசையின் பாதியில் இருந்தார். முப்பதில் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பதில் மறு முனைக்கு வந்து, துணியை மடித்து, திருப்பி மறுபடி மடித்தார். நாற்பத்தாறு எண்ணும்போது பேசினார்.

"அந்த நீல டப்பாவுக்குப் போற வயர் தரையில கிடக்குது. எல்லாரும் மிதிச்சுட்டுப் போறாங்க. சுவரோட ஒட்டிப் போற மாதிரி நீளமா ஒண்ணு வேணும். வர்றப்போ வாங்கிட்டு வரச் சொல்லு. நம்ம ரெண்டு பேருக்கும் அதெல்லாம் பாத்து வாங்கத் தெரியாது."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

நான் மாஸ்டரின் அளவு நாடாவை எடுத்து, கிழவியின் முதுகிலிருந்து சுவரோடு போய், கதவுச் சட்டத்தைச் சுற்றி, அலமாரியின் மேல்தட்டு வரை அளந்தேன். ஒன்பதரை மீட்டர்.

பூனை